சால்வைக்குக் கீழே ஒரு பேரம்

என் தங்கை சிவகௌரிக்குப் பேரம் பேச வராது. யாழ்ப்பாணம் பெரிய கடைச் சந்தையில் புகையிலை விற்ற எங்கள் ஐயாவின் மகள் என்று சொன்னால், இங்கே ஜெர்மனியில் எசன் நகரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் பரவாயில்லை, மரக்கறிக்கடை வைத்து, கத்தரிக்காயை நசுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களோடு காலம் தள்ளுகிறேன்.

ஐயா விலையை வாயால் சொல்லமாட்டார். தோள் சால்வையைக் கைக்கு மேல் போட்டு, அதன் கீழே தரகரின் விரல்களைப் பிடித்துத்தான் சொல்வார். பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும்.

கௌரியின் கணவர் தபோதரன் சரக்கு விமானத்தோடு பறக்கிற மெக்கானிக். சூடான் சண்டைக்குள் மருந்து இறக்கப் போன விமானம் பாலைவனத்தில் விழுந்துவிட்டது என்று கம்பனியில் சொன்னார்கள். சுட்டது யார் என்றால் இரண்டு பக்கமும் "நாங்கள் இல்லை" என்றது. ஆட்கள் எங்கே என்றால் "தேடுகிறோம்".

கௌரி என்னை ஊன்ட்றொப் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். காமாட்சி அம்பாள் முன்னால் கண்ணை மூடி நின்றாள். காரில் ஏறியதும் கேட்டேன்.

"என்னடி நேர்ந்தனீ? கற்பூரச்சட்டியோ?"

"அவரை உயிரோடை தந்தால், இனி ஒருநாளும் 'போகாதையுங்கோ' எண்டு என்ரை வாயாலை கேக்கமாட்டன் எண்டு."

நான் காரை எடுக்கவில்லை. அவர் வீட்டில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் ஆசைப்பட்டதில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் வாசலில் மறித்துக் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டு பெட்டியை இழுத்துப் போவார்.

"விசரி! மடியிலை இருக்கிறதை முதல் சொல்லிலையே கொட்டுறதோ? கற்பூரச்சட்டியிலை தொடங்கியிருக்கலாமே."

"அவ கடைக்காரி இல்லை, அண்ணை."

அம்பாள் பேரத்தை ஏற்று ஆளை அனுப்பிவிட்டாள். தபோதரன் விமான நிலையத்தில் தாடியோடும் யாரோ ஒருவருடைய ரப்பர் செருப்போடும் வந்து இறங்கினார். வீட்டில் சொதியும் சோறும் குழைத்துக்கொண்டு கதை சொன்னார்.

"விமானச் சில்லு ரயரைக் கொளுத்தினனாங்கள், மச்சான். கரும்புகையைக் கண்டு உப்பு லொறி ஒண்டு வந்தது. லொறிக்காரன் உங்கடை பெரிய கடை ஆக்கள் மாதிரி. ஏத்த முதல், என்ன தருவாய் எண்டு என்ரை கலியாண மோதிரத்தைச் சுட்டிக் காட்டினான். அது ஏலாது, மற்றதெல்லாம் எடு எண்டன். பற்றரி, கயிறு, என்ரை சப்பாத்து எல்லாம் போச்சு. ஆனால் காயப்பட்ட பைலட்டைப் பிள்ளை மாதிரித் தூக்கி முன்சீற்றிலை வைச்சதும் அவன்தான்."

மோதிரம் விரலில் தளர்ந்து கிடந்தது. கௌரி கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

குளிர் தொடங்கியபோது கம்பனி திரும்பவும் கூப்பிட்டது. தபோதரன் கடைக்கு வந்து, வாங்குகிற எண்ணமில்லாமல் முருங்கைக்காயைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கௌரி ஒண்டும் சொல்லுறாளில்லை, மச்சான். முந்தியெண்டால் மறிப்பாள். நான் இல்லாமல் இருந்து பழகிட்டாள் போலை."

எதையும் விற்பேன், அடுத்தவளின் நேர்த்தியை அவிழ்த்து விற்கமாட்டேன். அவளிடமே போனேன்.

"அவரை மறியன்டி."

"வாக்குக் குடுத்திட்டன்."

"வாயாலை கேக்கமாட்டன் எண்டுதானே குடுத்தனீ? ஐயா எப்பவடி வாயாலை விலை சொன்னவர்?"

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. தபோதரன் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வருகிறாரா என்று ஜெர்மன் குரல் கேட்டது.

கௌரி அவர் பக்கத்தில் போய் இருந்தாள். தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து இரண்டுபேர் மடியிலும் விரித்தாள். சால்வை கொஞ்சம் அசைந்தது. அவருக்கு எங்கள் பெரிய கடை விரற்கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை.

"ஹலோ? ஹலோ?" என்றது குரல். பிறகு வைத்துவிட்டது.

சற்றுப் பொறுத்துத் திரும்பவும் அடித்தது. எடுக்க அவருக்குக் கை இருக்கவில்லை; இரண்டும் சால்வைக்குக் கீழே அவளிடம் இருந்தன.