மார்ஜின் போடாத டீச்சர்

ஆங்கில டீச்சராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை ஆங்கில வகுப்பில் மாணவியாகவும் சேர்த்துவிட்டார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது.

வெளிநாட்டில் அது எனக்கு முதல் வேலை. வேலைக்குப் போகிற பெரியவர்கள் வந்து படிக்கிற சின்னப் பள்ளி. அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர் படிவக்காரி. தும்மினால்கூட அதற்கொரு தாளை நீட்டுவாள்.

"வெளிநாட்டுலருந்து வர்றவங்க எல்லாரும் ஆரம்ப நிலை இங்கிலீஷ் பாஸ் பண்ணணும். பண்ணினாத்தான் குடும்பத்தக் கூட்டிட்டு வர அனுமதி" என்றாள்.

"நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கத்தாங்க வந்திருக்கேன்."

"அது வேற ஃபைல்."

"சரி, ஆரம்ப நிலைக்கு யாரு டீச்சர்?"

தாளைப் புரட்டிப் பார்த்தாள். "நீங்கதான். நல்ல டீச்சர்னு போட்டிருக்கு. கவலப்படாதீங்க."

ஊரில் என் வீட்டுக்காரரும் ஏழு வயது மகளும் பெட்டி கட்டித் தயாராக இருந்தார்கள். நானும் சலவைக்கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, மூன்று தட்டு, மூன்று டம்ளர் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு தட்டில் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டால், விட்டுவிட்டு வந்த கோபத்தில் மகள் முகம் காட்ட மாட்டாள். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அப்பா பின்னிவிட்ட கோணல் சடை மட்டும்தான். எப்படியாவது பாஸ் பண்ணியே ஆக வேண்டும்.

ஆகவே பாடம் நடத்தினேன், பாடம் கேட்கவும் செய்தேன். வருகைப் பதிவேட்டில் என் பெயரை நானே கூப்பிட்டு, ஓடிப்போய் என் பெஞ்சருகே நின்று "பிரசன்ட்" சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி வருவேன். டீச்சர் நாற்காலியிலிருந்தே சொல்லிப் பார்த்தேன். கதவோரம் நின்ற படிவக்காரி, மாணவர் இடத்திலிருந்து வந்தால்தான் செல்லும் என்றுவிட்டாள். என் பெஞ்சில் பக்கத்து இடம் ஒரு பஸ் டிரைவருடையது. தங்கமான மனுஷன். நான் டீச்சராகக் கேள்வி கேட்டுவிட்டு பெஞ்சுக்கு வந்து உட்காரும்போது, "பதில் தெரியலன்னா என்னோடதப் பாத்துக்கோ" என்று நோட்டைத் தள்ளுவார். டீச்சராக எழுந்து போய் அவரைக் கண்டிக்க வேண்டியிருக்கும்.

பரீட்சை வந்தது. தாள் கொடுத்தேன், ஓடி வந்து எழுதினேன், காப்பி அடிக்கிறார்களா என்று ரோந்து போனேன், மறுபடி ஓடி வந்து எழுதினேன். கடைசிக் கட்டுரையைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று மணி அடித்ததும் நான்தான்.

எண்பது எடுத்தால் பாஸ். டிரைவர் தாளை முதலில் திருத்தினேன். எண்பத்தொன்று. மார்ஜின் போடாததற்கு இரண்டைக் குறைத்து எழுபத்தொன்பது என்று வட்டம் போட்டேன். ஊரில் பதினாறு வருஷமாக என் வழக்கம் அது, என் மகளின் வீட்டுப்பாடத்துக்குக்கூட விலக்கில்லை. அடுத்தது என் தாள். எண்பத்தொன்று. இடது பக்கம் பார்த்தேன். ஓடின ஓட்டத்தில் கோடு போட மறந்திருந்தேன்.

உடனே வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு மார்க் போட்டா குடியா முழுகிடும்?" என்று கத்தினார்.

"டிரைவருக்குக் குறைச்சிட்டேனே."

"அவருக்கும் போட்டுத் தொலையேன்!"

"அப்ப பதினாறு வருஷமா நான் அழ வச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் யாரு போடறது?"

அவருக்குப் பின்னால் கோணல் சடை குலுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே என் தாளிலும் எழுபத்தொன்பது என்று எழுதினேன். கை அதோடு நிற்கவில்லை. பெயிலான தாள் எதுவானாலும் அடியில் எழுதுகிற வரியைச் சிவப்பு மையில் தானாக எழுதிவிட்டது: 'பத்து நாட்களுக்குள் பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வீட்டில் கவனிக்கவும்.' டிரைவர் தாளிலும் அதே வரிதான். தாள்களை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், விலைச்சீட்டு ஒட்டிய தட்டுகளைப் பார்த்து அழுதேன்.

மறுநாள் படிவக்காரி கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க டீச்சர் ரொம்பக் கண்டிப்பு போலிருக்கு."

"ஆமாங்க."

"உங்க கார்டியன் யாரு?"

"வீட்டுக்காரர். ஊர்ல இருக்காரு."

"பத்து நாளுக்குள்ள வரணுமே. எழுத்துல இருக்கு."

"அவர் வர்றதுக்குத்தான் அனுமதி இல்லையே!"

"குடும்பத்துக்கு அனுமதி இல்ல. இது கார்டியன். வேற ஃபைல்" என்று ஒரு படிவத்தை எடுத்தாள். "வீட்டில் கவனிக்கவும்னு வேற எழுதியிருக்காங்க. அப்ப நீங்க பாஸாகிற வரைக்கும் கூடவே இருந்து கவனிக்கணும்."

படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா..."

"சின்னப் பிள்ளைய விட்டுட்டு எப்படி வருவாரு?" என்று என்னையே அதட்டிவிட்டு இன்னொரு படிவத்தையும் நீட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என் கையைப் பிடிக்கவில்லை. பேசவும் இல்லை. நேராகப் பள்ளிக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் டிரைவரின் மனைவி, கணவர் மார்ஜின் போடாததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை முறைத்துக்கொண்டே கூட்டிப்போனாள்.

அடுத்து நாங்கள். கதவோரம் படிவக்காரி கடிகாரத்தோடு நின்றாள். டீச்சர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் படிக்கிறாங்க. கவனந்தான் இல்ல. எப்பவும் வீட்டு நெனப்பு" என்றேன்.

எழுந்து ஓடி, பெஞ்சில் அவர் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.

"இனிமே நான் பாத்துக்கறேங்க, டீச்சர்" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மகள் அந்தத் தாளை இழுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"மார்ஜின் போடல" என்றாள். மூன்று மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. "எனக்கு மட்டும் திட்டுவ."

"ஆமா கண்ணு. தப்புதான்."

பையிலிருந்து ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்தாள். வீடியோவில் உட்காருவது போலவே முதுகைத் திருப்பிக்கொண்டு எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட ஆரம்பித்தாள். அந்தக் கோணல் சடை இப்போது என் கைக்கு எட்டியது. அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தேன்.

படிவக்காரி நேரம் முடிந்துவிட்டது என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"தலைய ஆட்டாத" என்றேன்.

"நீ இழுக்காத. கோடு கோணலாப் போகும்" என்றாள்.