நாலாம் மாதத்துக் கிரகணம்

ஸ்கேனில் குழந்தையின் மேலுதடு பிளந்திருப்பதாக டாக்டரம்மா சொன்ன அன்றே, டெல்லியில் தமிழர்கள் குடியிருக்கும் மதராசி கேம்பில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குற்றவாளி பிரபா. போன மாதம், ஆகஸ்ட் கிரகணத்தன்று சாயங்காலம், ஜங்புராவில் வேலை பார்க்கிற வீட்டில் அவள் வெண்டைக்காய் நறுக்கினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகண நேரத்தில் கத்தியைத் தொடலாமா? கிரகணத்துக்கு லீவு கொடுக்கிற வீடு டெல்லியில் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாமியார் வீராயி தலையில் அடித்துக்கொண்டாள். "கிரகணம் கடிச்ச புள்ளைன்னு கேம்பே கூப்புடுமே! படிச்சுப் படிச்சுச் சொன்னனே, வெளிய போவாதடின்னு."

சொல்லத்தான் சொன்னாள். அதுதான் பிரபாவின் நெஞ்சை அறுத்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் கையாலேயே பிள்ளையின் வாயைக் கிழித்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்து அழுதாள். நாலாம் நாள் அழுகை சலித்துக் கோபம் வந்தது. பிறக்காத பிள்ளைக்கு அதற்குள் பட்டப்பெயரா? பஸ் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மாவிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "வயித்துல புள்ளைக்கு உதடு எந்த மாசம் சேரும்?"

"ரெண்டாவது மாசம் முடியறதுக்குள்ள. உன் தப்பு எதுவும் இல்ல. பொறந்து மூணு மாசத்துல தைச்சிடலாம். அதுவரைக்கும் பால் உறிஞ்சக் கஷ்டப்பட்டா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பழக்கு."

பஸ் நிறுத்தத்தில் விரல் விட்டு எண்ணினாள். கிரகணம் வந்தபோது நாலாம் மாதம். இன்னொரு முறை எண்ணினாள். நாலேதான்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தே, உதடு ரெண்டாம் மாசத்துலயே ஆயிப்போச்சாம். கிரகணம் வந்தப்ப எனக்கு நாலு மாசம். நான் வெண்டக்கா நறுக்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தைச்சா சரியாப் போயிரும். பாலு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணுமாம். இனிமே அந்தப் பேரு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது. உங்க வாயிலயும்தான்."

மருமகள் இப்படி எதிர்த்துப் பேசி வீராயி கேட்டதே இல்லை. தானும் விரல் மடக்கி எண்ணினாள். கர்ப்பக் கணக்கில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது. எண்ணி முடித்ததும் கட்டிலுக்கடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்து, மகன் விஜயனுக்குப் பால் புகட்டிய பழைய பாலாடைக் கிண்ணத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பவுனு வாயைத் திறந்தாள். "அந்தக் கிரகணப் புள்ளைக்கு இப்ப எத்தினி மாசம்?"

வீராயி குடத்தைக் கீழே வைத்தாள்.

"எம் பேரப்புள்ளைக்கு அஞ்சு மாசம். பேரு நாங்க வெச்சுக்குவோம். வெச்சதும் சொல்லி அனுப்பறேன், வந்து சக்கரை தின்னுட்டுப் போ."

வரிசையில் பின்னால் நின்ற பிரபாவுக்கு அன்றைக்குத்தான் நன்றாகப் பசித்தது.