இறக்கத்தில் தெரிந்த முகம்

டயரை முதலில் அமுக்கிப் பார்த்தவள் சிந்துஜாதான். அமுக்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அமுக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற சினேகிதி அனற்றின் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

"என்னாடி இது, தொட்டா உள்ள போகுது?"

"எது?"

"இந்த மண்ணு நெறம். நேத்து அஹ்னாப் நானா கடையில கல்லு மாதிரி இருந்துச்சே."

"ராவைக்கு ராவு கொஞ்சம் எறங்குமாம். உள்ள இருக்கிற ரப்பர் அப்பிடியாம். நானா சொன்னாரே."

"எனக்குச் சொல்லல."

"நீ அந்நேரம் போன்ல பேசிக்கிட்டு இருந்த."

பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். சக்கரங்கள் இரவு முழுக்க அம்பிட்டியவில், அனற்றின் வீட்டில் இருந்தன. அது மட்டும் நிச்சயம்.

சைக்கிள் பந்தயம் தெரியாத பிள்ளைகள் யாராவது இருந்தால் பயப்படாதீர்கள், எனக்கும் இதெல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான். நாம் கடைக்குப் போகிற சைக்கிளில் டயர் வேறு, உள்ளே டியூப் வேறு. பந்தயக்காரர்களிடம் ஒரு வகை இருக்கிறது, டியூபுலர் என்பார்கள். அதில் டியூபை டயருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். சாரைப் பாம்பு மாதிரி உருண்டையாக இருக்கும். அதை அப்படியே ரிம்மில் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஒரு நாள் காய விட வேண்டும். பசை காயாவிட்டாலும், காற்று குறைந்துவிட்டாலும், வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று ஓடிவிடும். ஏறியிருக்கிறவள் ரோட்டில் கிடப்பாள்.

அக்குறணையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அஹ்னாப், இவர்களுக்கு நானா, அதாவது அண்ணன் முறை, இப்படி இரண்டு சோடி டயர் தருவித்திருந்தார். ஒன்று கரையெல்லாம் மண் நிறத்தில் பருத்தித் துணி வைத்தது, மெல்லியது. மற்றது முழுக்கக் கறுப்பு, கொஞ்சம் தடிப்பம். இரண்டையும் தனித்தனிச் சக்கரங்களில் ஒட்டிக் காயவைத்து, இந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"ரெண்டும் நல்ல சாமான் தான் தங்கச்சி. நம்மட ரோட்டுக்கு எது ஓடுதுன்டு எனக்குத் தெரியோணும். ஓட்டிப் பாத்துட்டு எதுன்டு செல்லுங்க. ஞாயித்துக்கெழம ரேஸுக்கும் ஆளுக்கு ஒரு சோடிய போட்டுக்கொங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில்தான் மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பெண்கள் பக்கம் ஒரே ஓர் இடம் மிச்சம். அது சிந்துஜாவுக்கா அனற்றுக்கா என்பதுதான் கேள்வி என்று அவர்களுடைய சைக்கிள் கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். சிந்துஜா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை, டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. இந்த முறையும் இல்லையென்றால் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அனற்றின் அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். அவளுக்கு அப்படி வாக்கு எதுவும் இல்லை, ஆனால் ஆசை ஒன்றும் குறைவில்லை. இருவரும் ஒரே பணிஸைப் பிய்த்துத் தின்று, ஒரே போத்தலில் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள்.

அப்படிப்பட்ட அனற் சொன்னாள்: "நீயே மொதல்ல எடு. மிச்சத்த நா போட்டுக்குறேன்."

சிந்துஜாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஓர் இடத்துக்கு நிற்கிறவள் ஏன் இப்படி விட்டுக்கொடுக்கிறாள்? எது நல்லது என்று ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கிறாளோ?

"டெஸ்ட் பண்ணிட்டு எடுக்கிறேன்" என்றாள்.

ஹந்தானை ரோட்டில், தேயிலைக்கு நடுவே, ஒரு வளைவு தாண்டியதும் நேரான இறக்கம் ஒன்று வரும். கீழே மதகு. மதகு தாண்டி மெதுவான ஏற்றம், அதில் ஒரு ஜம்பு மரம். கழகத்துப் பிள்ளைகள் டயரைச் சோதிப்பது அங்கேதான். ஒருத்தி சீற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு கையை எடுத்துவிடுவாள். ஏறியிருப்பவள் மிதிக்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. நெஞ்சை ஹாண்டிலோடு ஒட்டி, தலையைக் குனிந்து, சைக்கிள் தானாக எவ்வளவு தூரம் போகிறதோ போக விட வேண்டும். நின்ற இடத்தில் சோக்குக்கட்டியால் கோடு. அதே சைக்கிள், அதே ஆள், சக்கரம் மட்டும் மாறும். தூரம் போகிற டயர் நல்ல டயர்.

வான், பஸ் எல்லாம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டார்கள். மண் நிறத்துக்கு அனற் காற்றடித்தாள். கறுப்பை நானே அடிக்கிறேன் என்று சிந்துஜா பம்பை வாங்கிக்கொண்டாள்.

"ரோடு கரடா இருக்கு. கொஞ்சம் கொறச்சே அடிப்போம், இல்லாட்டி குதிக்கும்" என்றாள் அனற்.

கொறச்சே. அந்த ஒரு சொல் சிந்துஜாவின் காதில் அப்படியே தங்கிவிட்டது. பம்பில் காற்றை அளக்கிற முள் இரண்டு டயருக்கும் ஒரே இடத்தில்தான் நின்றது. ஆனால் பம்ப் அனற்றுடையது.

முதலில் மண் நிறம். சிந்துஜா ஏறினாள், அனற் கையை எடுத்தாள். எடுத்தாளா, இல்லை சீற்றை ஒரு நொடி இழுத்துப் பிடித்தாளா? சிந்துஜா திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பாதி இறக்கத்தில் இன்னொரு தடவை. சைக்கிள் மதகைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றுவிட்டது.

அடுத்தது கறுப்பு. தானே அடித்த காற்று என்பதால் நிம்மதியாகக் குனிந்து கிடந்தாள். ஜம்பு மரம் வரை போனது.

மறுபடியும் மண் நிறம், மறுபடியும் கறுப்பு. மாற்றமே இல்லை. கறுப்புக்குத்தான் தூரம்.

அனற் இறங்கி வந்து கோடுகளைப் பார்த்தாள். "அப்ப கறுப்பு தான். எடுத்துக்க. நா மத்தத போட்டுக்குறேன்."

"எனக்கு மண்ணு நெறம் வேணும்."

"என்னா?"

"மண்ணு நெறம் வேணும்."

"பைத்தியமாடி ஒனக்கு? கறுப்பு தானே தூரம் போகுது? பொறவு எதுக்கு விடிஞ்சும் விடியாம என்னய எழுப்பிக் கூட்டியாந்த?"

"நீ அதுல காத்த கொறச்சிட்ட. நா கறுப்ப எடுக்கணும்னு."

சொல்லிவிட்டாள். வாயில் இருந்ததைத் திரும்ப விழுங்கவும் முடியாது. அனற் பம்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள்.

"அளந்து பாரு."

அளந்தாள். முள் சரியான இடத்தில் நின்றது.

"இப்ப பம்பு சரியில்லன்னு சொல்லு" என்றாள் அனற். "சொல்லு, அதத்தானே நெனைக்கிற? ஒன்னய பாமசியில வச்சிருக்கிறவங்க பாவம். வாற ஆளுங்ககிட்ட எல்லாம் ஒனக்கு மெய்யா காச்சலான்னு கேப்ப போல."

"சீற்ற இழுத்துப் புடிச்ச."

"சரி. நா ஏறுறேன். நீ புடி. நீ இழுத்துப் புடிக்கிறியா இல்லையான்னு நா பாக்குறேன்."

அனற் முதலில் மண் நிறத்தில் ஏறினாள். அவள் தன் கையால் காற்றடித்த டயர். சிந்துஜா கையை எடுத்தாள். அனற்றின் முதுகு சிறுத்துக்கொண்டே போய், மதகைத் தாண்டி, ஜம்பு மரத்தையும் தாண்டி நின்றது.

சிந்துஜாவின் வயிறு எரிந்தது. பார்த்தாயா, தான் ஏறினால் மட்டும் ஓடுகிறது!

பிறகு கறுப்பு. சிந்துஜா காற்றடித்த டயர். கையை எடுத்தாள். அனற்றின் முதுகு போனது. கொஞ்ச தூரத்தில் முதுகுக்குப் பதிலாக முகம் தெரிந்தது. வெள்ளையாக, ஒரு கணம். மறுபடி முதுகு. மதகுக்குக் கிட்டே மறுபடி முகம்.

மேலே நின்ற சிந்துஜா அப்படியே நின்றாள். இறங்கிப் போகிறவளின் முகம், கையை எடுத்துவிட்டு மேலே நிற்கிறவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? முகம் தெரிந்த ஒவ்வொரு தடவையும் தலை உயர்ந்தது, தோள் விரிந்தது, காற்று நெஞ்சில் போய் மோதியது. சைக்கிள் மதகுக்கு அப்பால் கொஞ்சத்தில், சிந்துஜா மண் நிறத்தில் வந்து நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

ஓடியே இறங்கினாள்.

"நீ திரும்பிப் பாத்த."

"பாக்காம? கறுப்புக்குக் காத்தடிச்சவ நீ. அடிக்கும்போது முதுக காட்டிக்கிட்டுத்தானே அடிச்ச?"

"அப்ப நீயும் என்னய..."

"பின்ன என்னா, நீ மட்டும் தான் சந்தேகப்படணுமா? நா என்னா வேளாங்கண்ணி மாதாவா?"

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அனற்றுக்கும் வந்தது. ஆனால் பாருங்கள் கண்ணுகளே, சிரித்து முடிந்ததும் இரண்டு பேரும் மற்றவளின் சிரிப்பு மெய்யா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

எந்த டயர் நல்லது என்பது தெரியாமலே போய்விட்டது. அவர்கள் அளந்தது டயரை அல்ல. மறுபடி ஓடிப் பார்க்கலாம் என்றால், திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமென்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை. கடைசியில் அனற்தான் ஒரு வழி சொன்னாள். ஒவ்வொரு சோடியிலும் ஆளுக்கு ஒன்று. ஒரு சைக்கிளுக்கு முன்னால் கறுப்பு, பின்னால் மண் நிறம்; மற்றதற்கு அப்படியே மாற்றி. ஞாயிறு காலையில் அவள் டயருக்கு இவள் காற்றடிப்பாள், இவள் டயருக்கு அவள்.

"நீ எனக்கு ஏதாவது பண்ணினா ஒனக்கு நா பண்ணுவேன். சரியா?"

"சரி."

இதை நட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுத்தை மாறி மாறிப் பிடித்துக்கொள்வது என்று சொல்லலாம்.

ஞாயிறு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் கொடி அசைத்தார்கள். மடவளைப் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பி வரும்போது முன்னால் இருந்தவர்கள் இந்த இருவர்தான். மற்றவர்கள் பின்னால், கண்ணுக்கெட்டாத தூரத்தில்.

மடவளைக் கடைத்தெருவைத் தாண்டியதும் சிந்துஜாவின் பின்சக்கரம் கனத்தது. கொஞ்சம் கொஞ்சமாக. வளைவில் சைக்கிளின் பின்பக்கம் சேற்றில் போவது போல நெளிந்தது. காற்று போகிறது.

பின்டயருக்குக் காலையில் காற்றடித்தவள் அனற்.

அந்த அனற் இப்போது பின்னால் வருகிறாள். மூச்சுச் சத்தம் கேட்கிறது. திரும்பி அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். சிரிக்கிறாளா? காத்துக்கொண்டிருக்கிறாளா? சிந்துஜாவின் கழுத்து நரம்பெல்லாம் திரும்பு திரும்பு என்றன. ஹந்தானை இறக்கத்தில் தெரிந்த அந்த வெள்ளை முகம் நினைவுக்கு வந்தது. மதகோடு நின்றுபோன சைக்கிளும் நினைவுக்கு வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செய்திருந்தால் செய்துவிட்டுப் போகட்டும், கோட்டைத் தாண்டிய பிறகு கேட்கிறேன் என்று மிதித்தாள்.

கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது பக்கத்தில் ஒரு முன்சக்கரம் வந்தது. சமமாக வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு எதனாலோ பின்வாங்கியது. சிந்துஜா அரைச் சக்கரம் முன்னால் கோட்டைத் தாண்டினாள்.

சைக்கிளை ஓரமாக விட்டு, மூச்சுக்கூட வாங்காமல் கேட்டாள். "பின்டயருக்கு என்னாடி பண்ணின?"

அனற் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணீரும் இருந்திருக்கலாம். "நா ஒண்ணும் பண்ணல. காத்து போற சத்தம் கேட்டுச்சு. டயர் கழண்டு நீ விழுந்துருவியோன்னு குனிஞ்சி பாத்தேன். பாத்த நேரத்துல நீ போயிட்ட."

சிந்துஜா பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். டயரில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. சோடாப் போத்தல் கண்ணாடி, பச்சை நிறம். நகத்தால் எடுத்தாள். மிச்சக் காற்றும் புஸ்ஸென்று போனது.

காற்றடித்தவள் மேல் குற்றமில்லை. ஆனால் அனற் குனிந்து பார்த்தாளே, விழுந்துவிடுவாளோ என்று பயந்து பார்த்தாளா, விழட்டும் என்று பார்த்தாளா? கண்ணாடித் துண்டு அதைச் சொல்லாது. அனற்றைக் கேட்டாலும் அவளுக்கே தெரியுமோ என்னவோ.

"நம்பலயா?" என்றாள் அனற்.

மேசைக்குப் பக்கத்திலிருந்து சிந்துஜாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அணியில் பெயர் பதிய வேண்டும்.

சிந்துஜா சைக்கிளை நிமிர்த்தி, ஹாண்டிலை அனற்றின் கையில் கொடுத்தாள். "புடிச்சிக்கிட்டு இரு. வந்துர்றேன்."

போனாள். பாதி தூரம் போனாள். தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். பிறகு தாங்க முடியாமல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அனற் அதே இடத்தில், சைக்கிளோடு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருடி, நல்லா பாரு!" என்று சத்தம் போட்டாள். "காத்துப் போன டயர தூக்கிக்கிட்டு எங்க ஓடப்போறேன்?"