சிங்கிறால் கிடைக்கும் இடம்

அன்று மத்தியானம் கிரியாகுலாவின் காப்பிக் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி கிரியாகுலா, மீன்பிடிக்கிற ஸ்டமாட்டிஸ், அவன் மனைவியின் தம்பி பண்டெலிஸ், கடலில் முங்கிப் பார்ப்பதே தொழிலான யோர்தானிஸ், இங்கிலாந்திலிருந்து வந்த ஹிலரி. மேசைக்கு அடியில் ஒரு பூனை.

பண்டெலிஸ் எதற்கு வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டமாட்டிஸ் எங்கே உட்கார்ந்தாலும் அவனும் உட்காருவான். கலிம்னோஸ் தீவில் மற்ற படகுகளுக்கு ஒன்றிரண்டு அகப்பட்டாலே பெரிது. அத்தான் படகில் மட்டும் கூடை கூடையாகச் சிங்கிறால் எப்படி? பல வருஷமாக அவனுக்கு அதே கவலை.

ஹிலரி தேடியது ஒரு நீர்மூழ்கிக் கப்பலை. இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரியின் இரண்டு சரக்குக் கப்பல்களைக் கவிழ்த்துவிட்டு மூன்றாவதைத் தேடிப் போனது; திரும்பவில்லை. அதில் அவள் அப்பா சமையல்காரர். யோர்தானிஸ் வடக்குப் பக்கம் முழுக்கத் தேடிவிட்டான். வெறும் மணல்.

"நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன்," என்றாள். தீவு தீவாக அலைந்ததில் கிரேக்கம் நன்றாக வந்துவிட்டது.

ஸ்டமாட்டிஸ் காப்பியை உறிஞ்சினான். கப்பல் கிடக்கும் இடம் அவனுக்குத் தெரியும். அவனுடைய சிங்கிறால்கள் குடியிருப்பதே அந்த இரும்பு வயிற்றில்தான். சொன்னால், செத்த சிப்பாய்கள் கிடக்கும் இடமென்று அரசாங்கம் அங்கே வலை போட விடாது. பிழைப்பு போயிற்று.

"உங்கப்பாவுக்குச் செம்பட்டை முடியா?"

"ஆமா! எப்படித் தெரியும்?"

"பஞ்ச காலம். அப்ப தீவை ஆண்ட இத்தாலிக்காரன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு எங்கப்பா அந்தக் கப்பலுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோவாரு. அவங்க டப்பாக் கறி குடுப்பாங்க. செம்பட்டைக்காரர் ஒரு தடவை தன் கையால சமைச்சு எனக்குன்னு ஒரு தட்டு குடுத்தாரு. வாயில வைக்க முடியல. தட்டை நக்கித் தின்னேன்."

ஹிலரி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவும் அதையேதான் சொல்வாங்க!"

ஸ்டமாட்டிஸ் காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "யோர்தானிஸ், படகை எடு. இடத்தை நான் காட்டுறேன்."

பண்டெலிஸ் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். "எந்தப் பக்கம் அத்தான்?"

"உனக்கெதுக்குடா?"

"செத்தவங்களுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தத்தான்."

"மெழுகுவத்தியா, வலையா? தடை வர்றதுக்குள்ள ஒரு குஞ்சு விடாம வழிச்சிருவ. கிரியாகுலா அக்கா, இவனை வெளிய அனுப்பு."

"நான் இன்னும் காப்பி குடிக்கலக்கா!"

கிரியாகுலா காப்பியை அவன் கையில் கொடுத்தாள். அவனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.