மதகு அறைச் சுவரில் ஏழு கோடுகள்

என் கொழுந்தன் மாதிரி நல்லவன் கிடையாது. அதுதான் தலைவலியே. அதிகாரி வர்றார்னு தெரிஞ்சதும் சுண்ணாம்பு வாளியோட போய், மதகு அறைக்குள்ள நாலு சுவருக்கும் வெள்ளையடிச்சுட்டு வந்து நின்னான்.

"பளிச்சுனு இருக்கில்ல அண்ணி?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆத்தங்கரையில இருக்குற அந்த ஒத்தை அறையைப் பார்த்துக்குறது எங்க வரலாற்றுச் சங்கம். மொத்தம் ஆறு பேர், நான் செயலாளர். அந்தக் காலத்து மதகுக் காவல்காரங்க, வெள்ளம் உள்ளே புகுந்தப்பெல்லாம் தண்ணி நின்ன உயரத்துல ஆணியால கோடு கீறி, வருஷமும் போட்டிருந்தாங்க. ஏழு கோடு. அறையை இடிச்சுக் குழந்தைகள் காப்பகம் கட்டப் போறாங்க. கோடுகளைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னு ரெண்டு வருஷமா கடிதாசி போட்டு, இன்னிக்குத்தான் அதிகாரி வர்றார். இப்ப கோடு எங்கே?

"போட்டோ எடுத்திருப்பீங்களே?"

"சுவரே இருக்கும்போது போட்டோ எதுக்குன்னு கேட்டவனே நீதானேடா!"

அவன் முகம் செத்துப்போச்சு. "நானே சுரண்டிடுறேன் அண்ணி."

"நீ கை வச்சா அவங்க இடிக்கவே வேண்டாம். தண்ணி கொண்டா, போதும்."

ஈரத்துணியால தேய்ச்சேன். சுண்ணாம்பு கையை அரிச்சுது. அரிக்கட்டும். விரலால தடவித் தடவி முதல் கோட்டைப் பிடிச்சப்ப அதிகாரி வந்துட்டார். நல்ல உயரம், கையில வரைபடம்.

"முழங்கால் அளவுதானேம்மா. தரையை உசத்திக் கட்டிடுவோம்."

"பொறுங்க சார்."

அடுத்தது இடுப்பளவு. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு வேற வேலையும் இருக்கும்மா."

"ரெண்டு வருஷம் நாங்க காத்திருந்தோம். அரை மணி நேரம் நீங்க காத்திருந்தா குடி முழுகிடாது."

கொழுந்தன் நாக்கைக் கடிச்சுக்கிட்டான். நான் ஸ்டூல் மேல ஏறினேன். தோள் விட்டுப்போற மாதிரி வலிச்சுது. ஆனாலும் விடலை. கடைசிக் கோடு விரல்ல தட்டுப்பட்டுச்சு.

"சார், இந்தச் சுவரை ஒட்டி நில்லுங்க."

என்னமோ ஏதோன்னு வந்து நின்னார். கோடு அவர் தலைக்கு மேல ஒரு சாண் இருந்துச்சு. அண்ணாந்து பார்த்தார்.

"காப்பகத்துக்கு எந்த வயசுப் பிள்ளைங்க சார் வரும்?"

"ரெண்டு வயசுலேர்ந்து..." நிறுத்திட்டார்.

வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டார். "வருஷமும் தெரியுற மாதிரி துடைங்கம்மா"ன்னார். "எழுதிக்கிறேன்."