நடை வேகம்

சவ வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாரிஸ் வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, அப்பாவின் பழைய கோர்ட்டினா காரிலிருந்து, இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து கொடுக்கும் கார்ப்ரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் சவப்பெட்டியில் அப்பா அம்புரோஸ் படுத்திருந்தார். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், வீட்டிலிருந்து மாதா கோயில்வரை சனம் பெட்டிக்குப் பின்னால் நடந்து போகும். செத்தவருக்குச் சொந்த வண்டி இருந்தால் அதுவும் கூடவே நடை வேகத்தில் வர வேண்டும். காலையில் மாரிஸ் ஓட்டிப் பார்த்தபோது, பத்தடிக்கு ஒரு தரம் கார் இருமி நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ரேஸ் காரில் இருந்த பெரிய கார்ப்ரேட்டரைத் தேடிப் பிடித்து மாட்டிய மகராசன் இவனேதான். வாய் பெரிதானால் ஓட்டமும் பெரிதாகும் என்று நினைப்பு.

"இனிமே பறக்கும் லா, அப்பா!"

"இந்த இன்ஜின் மூச்சுக்கு இது ஜாஸ்திடா" என்றார் அம்புரோஸ்.

நெடுஞ்சாலையில் அன்று பறக்கத்தான் செய்தது. மாரிஸ் பெருமையோடு, தான் குடியிருக்கும் கிள்ளானுக்குத் திரும்பினான். அதுவரை ஞாயிறு தவறாமல் மகனைப் பார்க்க வந்தவர், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கோபம் போல என்று இவனும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பிலோமினா தேநீர் கொண்டுவந்தார்.

"இத இப்பத்தான் கழட்டுறியா?"

"மெதுவா போனா நின்னுடுது, ஆன்டி."

"தெரியாதா எனக்கு? ஒரு ஞாயித்துக்கிழம ஒன்னப் பாக்கக் கெளம்புனாரு. சிக்னலுக்கு சிக்னல் நின்னுடுச்சாம். பின்னால லோரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டானாம். பாதி வழியில, சுங்கை வேயோட திரும்பிட்டாரு. அப்புறம் கோயிலுக்குக்கூட நடதான்."

"பழச மாட்டியிருக்கலாமே? அவரு ஃபிட்டராச்சே."

"நானும் கேட்டேன்பா. மவன் ஆசையா போட்டது, நான் கை வைக்க மாட்டேன்னாரு. அவனே வந்து பாக்கட்டும்னு இருந்தாரு."

மாரிஸ் தேநீரை வாங்கி மட்கார்டின் மேல் வைத்தான். செந்தூல் பட்டறையில் முப்பது வருடம் ரயில் இன்ஜின்களைப் பிரித்து மாட்டியவருக்கு இது அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலையை அவர் இரண்டு வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறார்.

பழைய சின்னக் கார்ப்ரேட்டர், அன்று அவன் போட்ட இடத்திலேயே, காரின் பின்பெட்டியில் கிடந்தது. எடுத்து மாட்டினான். சாவியை ஒரு தரம் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கோயில்வரை கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே, நடக்கிறவர்களோடு நடந்தது.

அடக்கம் முடிந்து, அதே காரில் மாரிஸ் தனியாகக் கிள்ளானுக்குக் கிளம்பினான். சுங்கை வே சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இன்ஜின் நிற்காமல், சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.