சொன்ன விலைக்கு ஐஸ்

சொன்ன விலைக்குப் பொருள் வாங்குபவனை எங்கள் வீட்டில் நோயாளியாகத்தான் பார்ப்பார்கள். நாலு தலைமுறையாகத் துணி வியாபாரம். பேரம் பேசும் அந்த வாயை நம்பித்தான் கணிப்பொறிக் கூடத்தில் எனக்குச் சாமான் வாங்கும் வேலை கொடுத்தார்கள். வால்வு, கம்பி, காகித நாடா, பாதரசம் எல்லாம் என் தொண்டை வழியாகத்தான் உள்ளே வந்தன.

நாட்டிலேயே முதல் கணிப்பொறி அது. ஒரு கல்யாணக் கூடம் அளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கட்டியவர்கள் நாலைந்து பேர். அது என்ன கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று ஆணை எழுதியவர் ஒரே ஆள், என் அண்ணி. அந்த வேலைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. "உங்க மருமக எங்கே வேலை பார்க்கிறாங்க?" என்று யாராவது கேட்டால் அம்மா, "ஒரு மெஷினுக்குப் புத்தி சொல்ற வேலை. வீட்டில் இருக்கிற ரெண்டு ஆம்பளைங்களுக்குச் சொல்லிப் பழகினது" என்பாள்.

அன்று மலையில் மூன்றாம் நாளாக மழை. மேல்கரையிலிருந்து ஆற்றின் மட்டம் போனில் வந்துகொண்டே இருந்தது. இருட்டுவதற்குள் வெள்ளம் கரையைத் தாண்டுமா, தாண்டாதா? கரையை ஒட்டித்தான் எங்கள் கீழத்தெரு. அண்ணன் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தான். வீட்டில் அம்மாவும் அண்ணியின் இரண்டு வயதுப் பெண்ணும் மட்டும்.

மெஷின் கணக்குப் போடுவதைப் பார்க்க அதிகாரிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். மெஷினில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. கணக்கு ஓடும்போது வண்டு மாதிரி ரீங்கரிக்கும். விருந்தாளிகளுக்கு அது கேட்க வேண்டுமே என்று இயக்குநர் பெரிய விசிறிகளை நிறுத்தச் சொன்னார். அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இயக்குநர் கையமர்த்தினார். வண்டு பாடியது. விடை வந்தது: கரைக்கு ஒரு முழம் கீழேயே வெள்ளம் நின்றுவிடும். கைதட்டல். இயக்குநர் அங்கேயே வானொலிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். விருந்தாளிகள் கார் ஏறினார்கள்.

எந்தக் கணக்கையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பது அண்ணியின் பழக்கம். விசிறியைப் போட்டு, அதே நாடாவை மறுபடி கொடுத்தார். விடை அச்சாகி வந்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"என்ன அண்ணி?"

"தாண்டுதுங்க கொழுந்தனாரே. கரையைத் தாண்டுது."

"அப்ப முதல்ல வந்தது?"

"அந்தப் பாதரசக் குழாய்க்குள்ள எண்ணெல்லாம் சத்த அலையா ஓடிக்கிட்டே இருக்கு. அதுதான் மெஷினோட ஞாபகம். சூடு ஏறினா நடை தளரும், ஒண்ணு ரெண்டு எண் வழியில தொலைஞ்சு போகும். இவ்வளவு பேர் மூச்சு, விசிறியும் இல்ல..." அவர் கீழத்தெருப் பக்கம் திரும்பினார். "பாப்பா அங்க இருக்கா."

எங்கள் தொழிலில் ஒரே ஆள் ஒரே சரக்குக்கு இரண்டு விலை சொன்னால், இனிக்கிற விலையில்தான் பொய் இருக்கும்.

இயக்குநர் இரண்டு காகிதங்களையும் பார்த்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "போன வருஷம் வெள்ளம்னு சொல்லித் தெருவைக் காலி பண்ண வச்சோம். வெள்ளம் வரல, திருடன்தான் வந்தான். இந்தத் தடவை மாத்தி மாத்திச் சொன்னா மெஷினைப் பிரிச்சு எடைக்குப் போட்டுடுவாங்கம்மா. அறை இன்னும் சூடாத்தானே இருக்கு? ரெண்டாவது விடை மட்டும் சரின்னு எப்படிச் சொல்றே?"

அண்ணியால் சத்தியம் செய்ய முடியவில்லை. "குளிர வச்சு மூணாவது தடவை ஓட்டுறேன். ஐஸ் வேணும்" என்றார்.

"வாங்கிட்டு வா. ஆனா வெளியில மூச்சு விடக் கூடாது" என்று இயக்குநர் என் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

ஐஸ் கிடங்கு கீழத்தெருவின் தொடக்கத்தில், கரையோரம். தெருவெல்லாம் கடை திறந்திருந்தது. வானொலி எல்லாக் கடையிலும் ஒரே நல்ல செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. கரைக்கு அப்பால் ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பெரிய கூட்டம் ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து போகிற மாதிரி.

ஐஸ்காரர் எங்களுக்குப் பரம்பரை எதிரி, அதாவது பரம்பரைச் சிநேகிதர். என்னைப் பார்த்ததுமே நாற்காலியில் சாய்ந்து, சண்டைக்குத் தயாராகி, வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். நான் பணத்தை எடுத்து வைத்தேன்.

அவர் பணத்தைத் தொடவில்லை. "என்னப்பா இது?"

"நீங்க சொன்ன விலை."

"அது தெரியுது. உங்க வம்சத்துல எவன்டா சொன்ன விலைக்கு வாங்கியிருக்கான்? உங்கப்பன் இருமல் மருந்துக்கே பேரம் பேசினவன்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போனது. "மெஷின்காரனுக்கு எதுக்குடா இவ்வளவு ஐஸ்? ஆத்து விஷயமா?"

"அவசரம் மாமா. ஏத்தச் சொல்லுங்க."

அதற்குமேல் நான் மூச்சு விடவில்லை. வண்டியில் பாளங்கள் ஏறின. வீடு தெருவின் மறுகோடியில். ஓடிப்போய் அம்மாவையும் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கால் திரும்பியது. ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. உருகிவிட்டால் மூன்றாவது கணக்கு இல்லை, கணக்கு இல்லாவிட்டால் தெருவுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. வண்டியைத் திருப்பினேன். அந்தத் திருப்பத்தை இப்போது நினைத்தாலும் முதுகு வேர்க்கிறது.

விசிறிகளுக்கு முன்னால் தகரத் தட்டுகளில் ஐஸை அடுக்கினோம். அறை குளிர்ந்து பல் தந்தியடித்தது. அண்ணி நாடாவைக் கொடுத்தார். வண்டு பாடத் தொடங்கியது. காலையில் வேடிக்கையாக இருந்த அதே ரீங்காரம்தான். இப்போது நாங்கள் மூவரும், வைத்தியர் வாயைப் பார்க்கிறவர்கள் மாதிரி அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாண்டுகிறது. இரண்டாவது விடை சொன்னதைவிட இன்னும் உயரமாக.

இயக்குநர் போனை எடுத்தார். வானொலி நிலையத்தின் இலக்கத்தைச் சுழற்றினார். அந்தப் பக்கம் யாரோ, "காலையில வேற மாதிரி சொன்னீங்களே சார், மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றோம்" என்றார்கள். அண்ணி அதற்குமேல் நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். நான் பின்னால்.

பாதிச் சரிவில் எதிரே ஒரு வண்டி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. துணி மூட்டை, தையல் மெஷின், கட்டில், கூண்டுக்கிளி. கீழத்தெரு முழுவதும் மேலேறி வந்துகொண்டிருந்தது. நடுவில் அம்மா, இடுப்பில் பாப்பா.

அண்ணி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா சொன்னாங்க? வானொலியா?"

"வானொலி நல்லாத்தான்டா பாடிக்கிட்டிருக்கு. ஐஸ்காரன்தான் கடையைப் போட்டது போட்டபடி போட்டுட்டு வீடு வீடாக் கதவைத் தட்டினான். 'உம் மவன் பேரம் பேசாம வாங்கிட்டுப் போறான், எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு யோசிங்க'ன்னான். நீ என்ன, பேரம் பேசலையாமே?" அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மூட்டையைக் கட்டிட்டேன்."

அவள் முடிப்பதற்குள் கீழே ஒரு சத்தம். கரையின் மேல் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டது. பிறகு கரையே தெரியவில்லை. ஐஸ் கிடங்கின் கூரை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. ஐஸ்காரர் அதைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொம்பக் கூடச் சொல்லிட்டேன்டா விலையை" என்றார்.

அண்ணியின் கணக்கு சரியென்று பிறகு எல்லோரும் எழுதினார்கள். விசிறியை நிறுத்தக் கூடாது என்று கூடத்தில் பலகை மாட்டினார்கள். எனக்கும் பாராட்டு கிடைத்தது: நிலைமை உணர்ந்து நேரத்தை வீணாக்காத ஊழியனாம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐஸ்காரர் விலையைச் சொன்னதுமே பழக்கதோஷத்தில், பாதி விலைக்குக் கேட்க நான் வாயைத் திறந்துவிட்டேன். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.